பகுப்பாய்வாளர் அம்மாவின் தண்ணீர்ப் போத்தல்

நான் சமைக்கும் குசினியில், அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கும். நீலக் கம்பளி நூலில் பின்னிய உறை போட்டது. கழுத்துப் பக்கம் நூல் நைந்து போயிற்று. பின்னியவர் இறந்து அந்தியேட்டிச் சடங்கும் முடிந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் வீட்டை ஒதுக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் கையில் தந்தார். “அம்மாவுக்கு உங்களிலை நல்ல விருப்பம். ஞாபகமாய் வைச்சிருங்கோ” என்றார். ஒருவர் தருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கிக்கொண்டு வந்தேன். எறியவும் முடியாமல், புழங்கவும் மனமில்லாமல் மேலே தூக்கி வைத்தேன்.

கொக்குவிலில் ரயில் பாதையை ஒட்டி, மதில் கட்டிய வளவு ஒன்றுக்குள் ஒரு பழைய வீடு. குடாநாட்டின் நிலத்தடித் தண்ணீரைப் பாதுகாப்பதற்கென்று படித்தவர்கள் சிலர் தொடங்கிய சபை அங்கேதான் நடந்தது. கணவரை இழந்த பிறகு, வளவு கூட்டித் தேத்தண்ணி ஊற்றும் வேலைக்கு நான் அங்கே சேர்ந்தேன். முன் மண்டபத்துச் சுவரில் சபை உறுப்பினர்களின் படங்கள் கண்ணாடி போட்டு வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அவர் முன்பு பார்த்த உத்தியோகம் பொன்னிற எழுத்தில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தூசி தட்டும் சாட்டில் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். முன்னாள் அரச அதிபர். ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பணிப்பாளர். மண்ணியல் பேராசிரியர். கடைசியில் சிரிக்காத முகத்தோடு ஒரு பெண், ஓய்வுபெற்ற அரச இரசாயனப் பகுப்பாய்வாளர். அந்தச் சொல்லைத் தடங்கலில்லாமல் வாசிக்க எனக்குப் பல நாள் பிடித்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் தலைவர் ஐயா முதலில் அந்தச் சுவருக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். ஒருகாலத்தில் மாவட்டத்தையே நிர்வகித்த அரச அதிபர் அவர்தான். “ஒரு பக்கம் விஞ்ஞானம், மற்றப் பக்கம் அரசாங்கம். இதுக்கு மேலை ஒரு சபைக்கு என்ன வேணும்?” என்பார். தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நிற்கிற எனக்கும் அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

நான் குடியிருக்கும் ஒழுங்கையில் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. இதை எப்படியோ அறிந்த தலைவர் ஐயா ஒருநாள், “பிள்ளை, உதுக்கேன் கடைக்குக் கடை அலையிறீர்? இஞ்சை கிணத்திலை நல்ல தண்ணி கிடக்கு. வேணுமெண்ட அளவுக்கு அள்ளிக்கொண்டு போம்” என்றார். அந்தச் சொல் எனக்கு என்னவாக இருந்தது என்று எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். என்னைப் பெற்றவள் மற்றவர்களின் கிணற்றுக் கட்டில் கால் வைத்ததில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். உரிமைக்காரர் யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான். அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற பிள்ளை நான். அப்படிப்பட்ட நான் பெரிய உத்தியோகத்தர்களின் வளவுக்குள் என் கையாலே கயிறு இழுத்து, என் பிளாஸ்ரிக் கானை நிரப்பிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் அந்தத் தண்ணீரைக் குடித்தபோது எனக்கு அழுகை வந்தது. என் மகள் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பகுப்பாய்வாளர் அம்மா மட்டும் அங்கே தேத்தண்ணி குடிப்பதில்லை. கூட்டத்துக்கு வரும்போது கைப்பையோடு நீல உறை போட்ட அந்தப் போத்தலும் வரும். நான் தட்டை நீட்டினால், “எனக்கு வேண்டாம். நான் கொண்டுவந்திருக்கிறன்” என்பார். அந்தச் சொல் ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. முதல் தரமே எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என் கையால் வாங்கிக் குடிக்க அவருக்கு ஏலாது. வேற்று வீடுகளில் எங்களுக்கென்று சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றித் தந்த காலத்தைக் கண்டவள் நான். மகள் இதைக் கேட்டுவிட்டு, “கொழும்பிலை பெரிய லாப்பிலை இருந்தவவாம், இன்னும் உது போகேல்லையோ?” என்று கோபப்பட்டாள். “படிச்சால் போற சாமானே அது? விடு பிள்ளை” என்றேன். அவரில் எனக்குப் பெரிய கோபம் இருக்கவில்லை. மற்ற மூவரும் என் கையால் குடித்தார்கள். தலைவர் ஐயா இரண்டாம் தரமும் கேட்டு வாங்குவார். அது எனக்குக் காணும் என்றிருந்தேன்.

பிறகு ஒரு கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. அன்று தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. நான் கேத்திலை இரண்டு தரம் சூடாக்கிவிட்டுக் குசினியிலேயே இருந்தேன். உள்ளே அம்மாவின் குரல்தான் கூடக் கேட்டது. என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. ஒட்டுக் கேட்கும் பழக்கமும் எனக்கில்லை. வெளியே வந்தபோது தலைவர் ஐயா என் முகத்தைப் பார்க்காமல் போனார். அடுத்த கூட்டத்துக்கு நாலு பேரும் போத்தலோடு வந்தார்கள். தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். “இப்ப தேத்தண்ணி குறைச்சிட்டன் பிள்ளை, சலரோகம், சீனி கூடாது” என்றார் தலைவர் ஐயா. பேராசிரியர் தலையை மட்டும் ஆட்டினார். ஊற்றின தேத்தண்ணியைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டினேன். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மா மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு என்னைப் பற்றித்தான் கதைத்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் விட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? ஆகவே போனேன். எல்லாரும் என்னை ஒதுக்கினாலும் கிணறு ஒதுக்கவில்லைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கானை நிரப்பினேன்.

அந்த நாட்களில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அம்மா அதைக் கேள்விப்பட்டு, போத்தல் உறை பின்னிய அதே நீல நூலில் ஒரு தொப்பி பின்னத் தொடங்கினார். கூட்டம் முடிந்து கார் வருமட்டும் விறாந்தைக் கதிரையில் இருந்து பின்னுவார். ஒருநாள் நான் கிணற்றடியில் கானை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் அங்கிருந்தே, “பிள்ளைக்குத் தாய்ப்பால்தானே?” என்று கேட்டார். “ஓம் அம்மா, ஆனா மகளுக்குப் பால் காணாது. பால்மாவும் கரைச்சுக் குடுக்கிறம்” என்றேன். ஊசிகள் நின்றுவிட்டன. அவர் என்னைப் பார்த்தார், கானைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். “தாய்ப்பால்தான் நல்லம்” என்றார். பிறகு குனிந்து பின்னத் தொடங்கினார். கார் வந்தது. அடுத்த தரம் வந்தபோது தொப்பியைத் தாளில் சுற்றித் தந்தார். என் கையால் தண்ணீர் வாங்காதவர் என் பேத்திக்குத் தொப்பி பின்னித் தருகிறாரே, மனிசரை முழுக்க அறிய முடியாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு விடியற்காலை குழந்தையின் உதடு அந்தத் தொப்பியின் நிறத்துக்குப் போயிருந்தது. விரல் நுனிகளும் அப்படியே. அழக்கூடத் திராணி இல்லை. ஓட்டோ பிடித்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கிருந்த இளம் டொக்குத்தர் பிள்ளை குழந்தையைப் பார்த்த கையோடு, “பால்மா என்ன தண்ணியிலை கரைக்கிறனீங்கள்?” என்று கேட்டாள். “கிணத்துத் தண்ணி. ஆனா நல்லாய்க் கொதிக்க வைச்சுத்தான்” என்றேன். “உரம் இறங்கின தண்ணியெண்டால் கொதிக்க வைச்சுப் போகாது அம்மா. வத்த வத்தக் கூடத்தான் செய்யும். பக்கத்திலை தோட்டம் கிடக்கோ?” என்று கேட்டாள். சபை வளவு மதிலுக்கு அந்தப் பக்கம் முழுக்க வெங்காயமும் புகையிலையும்தான். அங்கே முதல் வைத்தியம் செய்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை பிழைத்தது. மகள் குழந்தையை என் கையில் தராமல் தானே வைத்துக்கொண்டாள். சுமந்துகொண்டு வந்து கொடுத்தவள் நான்தானே. அவள் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாங்கிலில் குந்தியிருந்தபோதுதான் நாலு போத்தல்களும் ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன. அடுத்த கூட்டத்துக்கு அம்மா முதல் ஆளாக வந்து, நேரே குசினிக் கதவடிக்கு வந்தார்.

“பேத்திக்குச் சுகமில்லையாம்?”

“ஓம் அம்மா. இப்ப சுகம்.” வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். “அம்மா, எங்கடை கிணத்துத் தண்ணியிலை ஏதும் பிழை கிடக்கோ?”

“உமக்கு ஆர் சொன்னது?”

இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஏன் கேட்கிறீர் என்றும் கேட்கவில்லை. டொக்குத்தர் பிள்ளை சொன்னாள் என்றேன். அம்மா கதவை மெல்லச் சாத்தினார். “இஞ்சை பாரும், உது ஒரு கிணத்தோடை முடியிற விசயமில்லை. எல்லாக் கிணத்திலையும் எடுத்துப் பாத்து முடியாமல் ஒண்டும் சொல்லேலாது. பாத்த மட்டுக்கும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு. அங்கையிருந்து பதில் வருமட்டும் வெளியிலை கதைக்கிறேல்லை எண்டு சபையிலை தீர்மானம். சனம் வெருண்டு போகும். நான் அரசாங்கத்திலை இருந்தனான், வாய் திறக்கிற நேரம் எனக்குத் தெரியும்” என்றார். குரலில் கோபம் இல்லை. பாடம் ஒப்புவிப்பதுபோல இருந்தது. கையில் போத்தல். அதற்குள் அவருடைய வீட்டுத் தண்ணீர். எல்லாக் கிணறும் பார்த்து முடியுமட்டும் நீங்கள் ஏன் இந்தப் போத்தலைக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தொண்டைவரை வந்தது. “தேத்தண்ணி போடட்டோ அம்மா?” என்றுதான் வாய் கேட்டது. “வேண்டாம். நான் கொண்டுவந்திருக்கிறன்” என்றார்.

சாதி என்றால் எனக்குத் தாங்கத் தெரியும். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எப்போது கண்ணைத் தாழ்த்த வேண்டும், வீட்டுக்கு வந்து எப்படி மறக்க வேண்டும் என்று பெற்றவள் பழக்கிவிட்டிருந்தாள். இதைத் தாங்க எனக்கு யாரும் பழக்கவில்லை. என்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து நான் அழுத நாட்களில் அவர்கள் என்னை நினைக்கவே இல்லை. நான் கானை நிரப்புவதை விறாந்தையிலிருந்து நாலு பேரும் பார்த்தார்கள். போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிக் கதைத்தார்கள். விஞ்ஞானம் இன்னும் நிச்சயமாகத் தெரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது, அரசாங்கம் மேலிருந்து உத்தரவு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்தது என் பேத்தியின் பால் போத்தல்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிறகு எப்போதோ அந்தக் கிணற்றில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள், இத்தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்று. பலகை வந்தபோது பேத்தி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். பிறகு பகுப்பாய்வாளர் அம்மா இறந்து நினைவுக் கூட்டம் வைத்தார்கள். கூப்பிட்டார்கள் என்று நானும் போய்க் கடைசிக் கதிரையில் இருந்தேன். அவர் பார்த்த உத்தியோகங்களை ஒருவர் வாசித்தார். வாசிக்க நேரம் எடுத்தது. சொன்னதெல்லாம் உண்மைதான், ஒரு சொல்லும் பொய்யில்லை. வந்த எல்லாருக்கும் மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் ஒழுங்கைக்குச் சுத்திகரித்த தண்ணீர் வான் வண்டியில் வருகிறது. வாங்கித்தான் குடிக்கிறோம். வெளியே போனால் நானும் என் தண்ணீரைக் கொண்டுதான் போவேன். போன மாதம் தொண்டைமானாற்றுக் கோயிலுக்குப் போகப் புறப்பட்ட அன்று என் பிளாஸ்ரிக் போத்தல் வெடித்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் மேல்தட்டிலிருந்து அந்த நீல உறைப் போத்தலை எடுத்துக் கழுவி நிரப்பினேன். வரும் வழியில் மருமகனின் உறவுக்காரர் வீட்டில் இறங்கினோம். மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவே வீடு, தோட்டத்தோடு கிணறு. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், வயிற்றில் பிள்ளையோடு, தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து எனக்கு முன்னால் குனிந்தாள். “வேண்டாம் பிள்ளை, நான் கொண்டுவந்திருக்கிறன்” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவளுடைய முகம் சுருங்கிற்று. தட்டைப் பின்னால் இழுத்தாள். அவளுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை நான் பல வருசம் வைத்திருந்தவள்.

“இஞ்சை இரு பிள்ளை” என்று கையைப் பிடித்து இழுத்தேன். “உன்ரை கையிலை ஒரு பிழையுமில்லை. தோட்டத்துக் கிணறு, அதுதான் எனக்குப் பயம். பிள்ளைத்தாச்சி, நீயும் உதைக் குடியாதை. பிறக்கிறதுக்கும் உதிலை பால் கரைச்சுக் குடுத்துப் போடாதை.” அவள் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லப் பக்கத்தில் இருந்தாள். போத்தலைத் திறந்து அவளுக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிட்டு நானும் குடித்தேன். ஒரு மிடறு தண்ணீர் இறங்கும் நேரம்கூட எடுக்கவில்லை, அதைச் சொல்ல.