சாரதா பாய் போட்ட மேற்கோள் குறிகள்

புதன்கிழமை காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வழக்கறிஞர் சங்கத்து எழுத்தர் அலைபேசியில் அழைத்தார். “மேடம், சாரதா பாய் அம்மா தவறிட்டாங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் சீனியரின் அலுவலகம் இருந்த சந்தில், பட்டப்பகலில், கறுப்புக் கோட்டோடு, ஒரு கையில் கேஸ் கட்டைப் பிடித்தபடி சாரதா ஓடிவந்த காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. “சிக்கிருச்சு தனம்! சிக்கிருச்சு!” என்று அவள் கத்திய கத்தலில் பூக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

இதைப் படிக்கும் இளம் வழக்கறிஞர்கள் நீங்கள் எல்லாம் அவரை ‘மேடம்’ என்று அழைத்தவர்கள். ‘அவர்’ என்று எழுதினால் எனக்கு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருக்கிறது. அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் அந்த அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஜூனியர்கள். நான் சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பம். அவள் தெப்பக்குளத்துப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், அலுவலகத்தில் இங்கிலீஷ். “மூணு பாஷைக்கு நடுவுல வளந்தவ நான். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் வாய்க்குள்ள போனா என்னா கூத்தாகும்னு எனக்குத் தெரியும்” என்பாள். ஒருவர் பேசியதை இங்கிலீஷில் எழுதும்போது போடுகிற மேற்கோள் குறிகளில் அவளுக்கு இருந்த பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், டைப்பிஸ்ட் அண்ணன் அடித்துக் கொடுத்த மனுவைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் மேசைக்குப் போய்விட்டாள். “அண்ணே, இந்தம்மா பேசுன பேச்சோட இந்தக் கமாவும் குறிக்குள்ளதான நிக்கணும்? தெருவுல நிறுத்திட்டீங்களே! பேச்சு தொடங்குற எழுத்தாச்சும் பெருசா வேணாமா?” அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “தாயே, ஒரு கமாவுக்கா இம்புட்டும் திரும்ப அடிக்கணும்?” உள்ளே இருந்து சீனியர் சத்தம் போட்டார். சாரதா அசையவில்லை. அவரும் திரும்ப அடித்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

பாண்டியின் வழக்கு வரும்வரை எனக்கும் அது ஒரு கிறுக்காகத்தான் தெரிந்தது.

பாண்டி சமயநல்லூர்க்காரர். ஒரு நூற்பாலையில் வேலை. ஒரு நாள் மெஷினை நிறுத்தி வேறொரு தொழிலாளி சுத்தம் செய்துகொண்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். உள்ளே கை வைத்திருந்த அந்தத் தொழிலாளியின் விரல்கள் நசுங்கிப் போயின. சுவிட்சைப் போட்டது பாண்டிதான் என்று ஆலைக்குள்ளேயே விசாரணை வைத்து, அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். பாண்டி தமிழில் சொன்ன வாக்குமூலத்தை விசாரணை அதிகாரி இங்கிலீஷில் எழுதியிருந்தார். பாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதில் இருந்த வரிகள் இவை: ‘மேஸ்திரி கேம் ரன்னிங். ஹி செட் ஐ புட் த சுவிட்ச். ஐ டோல்ட் ஹிம் டோன்ட் க்ரை.’ கமாவும் இல்லை, மேற்கோள் குறியும் இல்லை. மேஸ்திரி ஓடிவந்தார், நான் சுவிட்சைப் போட்டதாக அவர் சொன்னார், அழாதீர்கள் என்று நான் அவரிடம் சொன்னேன். அதிகாரி அப்படித்தான் படித்தார். மேஸ்திரி முகத்துக்கு நேராகக் குற்றம் சொல்லியும் பாண்டி மறுக்கவில்லை, ஆகவே அவர்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

பாண்டி எங்கள் முன்னால் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டார். “மேஸ்திரி நான்தான் போட்டேன்னாரும்மா. அதத்தான சொன்னேன்!”

எனக்குத் தலை சுற்றியது. அவர் வாயால் சொல்லும்போதுகூட அந்த ‘நான்’ யார் என்று பிடிபடவில்லை. சாரதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். “அவரு எப்படிச் சொன்னாரு? நீங்க சொல்ல வேணாம், அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

பாண்டி எழுந்து நின்றார். முகம் மாறியது. குரல் நடுங்கியது. “‘அடேய் பாண்டி, நான்தான்டா தெரியாமச் சுவிட்சப் போட்டுட்டேன். எம் பொழப்பு போச்சேடா!’ன்னாரும்மா.”

எங்களுக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் எதிரே நிற்கிறது. குறிகளை இப்போது நாமே போட்டால் நீதிபதி ஏற்பாரா? “வெறும் கமாவ வச்சுக்கிட்டு கேஸ் ஜெயிக்க முடியாதும்மா” என்றார் சீனியர். கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போன சாரதாதான், நான் முதலில் சொன்னதுபோல, சந்து அதிரக் கத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அடுத்த வரியப் பாரு தனம்! ‘அழுகாதீங்க’ன்னு பாண்டி சொல்றாரு. ஒருத்தன் எம்மேல பழி போட்டா நான் அவனப் பாத்து அழுகாதன்னு சொல்வேனா? சொல்லு! தப்புப் பண்ணவன்தான அழுகணும்? குறி போட்டுப் படி, ரெண்டு வரியும் பொருந்துது. குறி போடாமப் படி, ரெண்டாவது வரி அநாதையா நிக்குது!”

சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கேஸ் கட்டை அவளிடமே நீட்டினார். “நீ கண்டுபிடிச்சது. கோர்ட்ல நீயே கேளு.”

தொழிலாளர் நீதிமன்றத்தில் மேஸ்திரியை ஆலைத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். நரைத்த மீசை, மொடமொடவென்று வேட்டி. பாண்டி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்றுதான் சாரதாவுக்கு முதல் குறுக்கு விசாரணை. வாக்குமூலக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணே, அன்னைக்கி நீங்க அழுதீங்களா?”

ஆலைத் தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். சாரதா அந்த மூன்று வரிகளைக் காட்டி, குறி இல்லாமல் ஒரு முறையும் குறி போட்டு ஒரு முறையும் படித்தாள். ‘ஹி செட்’ என்று சொல்லி, நிறுத்தி, மூச்சு விட்டு, மேஸ்திரியின் குரலில் ‘ஐ புட் த சுவிட்ச்’ என்றாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “கேள்வியை அனுமதிக்கிறேன்” என்றார்.

“அழுதீங்களாண்ணே?”

மேஸ்திரி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “அழுதேன் தாயி. அந்தப் பயதான் தோளப் புடிச்சு ஒக்கார வச்சான். தண்ணி குடுத்தான்.” யாரும் கேட்காமல் அவராகவே தொடர்ந்தார். “நான்தான் போட்டேன். வேலை போயிரும்னு வாய மூடிக்கிட்டேன்.”

பாண்டிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று சாரதா என் கையைப் பிடித்துச் சுற்றிய சுற்றில் என் செருப்பு அறுந்தது. மேஸ்திரி என்ன ஆனார் என்று அவள் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தாள். அவரையும் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும், “தானா ஒத்துக்கிட்ட மனுசன்” என்று சொல்லி, அவருக்காக ஒரு மனு எழுதிச் சீனியர் முன்னால் வைத்தாள். அது பலிக்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை என் எதிரே உட்காரும் கட்சிக்காரர்களிடம், பேனாவை மூடி வைத்துவிட்டு, “அவரு எப்படிச் சொன்னாரு? அப்படியே சொல்லுங்க” என்றுதான் தொடங்குகிறேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. கேட்டதும் அவர்கள் குரல் மாறும். கணவனோ மாமியாரோ முதலாளியோ அறைக்குள் வந்து நிற்பார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். “அம்மா உங்களப் பத்திக் கடைசியாப் பேசுனாங்க அத்தை. உங்கள விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்க” என்றாள்.

“அப்படியா சொன்னா? அம்மா சொன்ன மாதிரியே சொல்லு” என்றேன்.

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகி, கழுத்தை நிமிர்த்தினாள். நாற்பது வயதைத் தாண்டிய அவள் முகத்தில் சாரதா வந்து நின்றாள்.

“‘ஏய் தனம்! நான் முன்னாடி போறேன்டி. நீ கையில இருக்கிற கேஸையெல்லாம் ஜெயிச்சுட்டு, அவசரப்படாம வா!’”