பூர்வபட்சமும் பூங்காக் குழாயும்

தொண்ணூறுகளில் மைசூரில் நாங்கள் குடியிருந்த லேஅவுட்டில் ஐந்தாறு பேர் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிப்போம். ஒரு வாரம் தத்துவம், மறு வாரம் நாவல். இடம் என் எதிர்வீட்டுக்காரரின் கூடம். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பம். எத்தனையோ தலைமுறையாகக் கர்நாடகத்திலேயே வாழ்ந்தும் வீட்டுக்குள் தமிழை விடாதவர்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு நாவல் என்றாலே இளக்காரம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். சண்டை வராத ஞாயிறு கிடையாது.

சண்டைக்கு ஒரு விதி வைத்திருந்தார். பழைய காலத்து வாதங்களில் இருந்த வழக்கம்தான். மறுப்பதற்கு முன்னால் எதிராளியின் கட்சியை, அவர் சொல்வதைவிட நன்றாக நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். "ஆமாம், இதுதான் என் கட்சி" என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்க அனுமதி. ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய ரோதனையாக இருந்தது. தப்பு என்று தெரிந்த ஒன்றுக்கு நான் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்? ஆனால் போகப் போகப் பிடித்துப்போயிற்று. நாவல் படிப்பதும் இதே கூடுவிட்டுக் கூடு பாய்கிற வேலைதானே என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"நாவல்ல பாயறவா திரும்பி வரதே இல்லையே" என்றார்.

சட்டசபைச் செய்திகளை வைத்துக்கொண்டு, இதில் யாராவது எதிர்த்தரப்பு சொன்னதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவதும் எங்கள் பொழுதுபோக்கு. கண்டுபிடிப்பவருக்கு இரண்டாவது காபி என்று பந்தயம். ஒருவரும் இரண்டாவது காபி குடித்ததில்லை.

ஒரு கோடையில் எங்கள் லேஅவுட்டின் கோடியில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்ட வந்தவர்கள் கர்நாடக எல்லையோரம் ஹனூரை ஒட்டிய ராமாபுரம், கோபிநத்தம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். காலி மனையில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எங்கள் பூங்காக் குழாயிலிருந்துதான். அதைப் பூட்டிவிட வேண்டும் என்று லேஅவுட் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் என் எதிர்வீட்டுக்காரரேதான்.

காலையில் குழாயடியில் ஒரு சித்தாள் பெண் என்னை நிறுத்தினாள். பிள்ளைத்தாச்சி.

"அக்கா, பைப்பைப் பூட்டிப்போடுவாங்களாமா?"

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. பூட்டீட்டா ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டதானுங்க போகோணும். போய்ட்டு வாரதுக்குள்ள மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு."

"நான் பேசறேன்" என்றேன் வீராப்பாக.

அடுத்த ஞாயிறு காலை பூங்காவிலேயே ஷாமியானா போட்டுக் கூட்டம். பேச்செல்லாம் கன்னடத்தில். ஹனூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அந்தப் பெண்ணும் வேலியோரம் வந்து நின்றாள். என் முறை வந்தது. நான் எழுந்து, வேறு எப்படித் தொடங்குவேன், பூர்வபட்சத்தில் தொடங்கினேன். மத்தியானத்துக்குள் பூங்காத் தொட்டி வற்றுவதைச் சொன்னேன். செடிகள் காய்வதையும் குழாயடிச் சேற்றையும் கொசுவையும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே சொல்லாததையும் சொன்னேன்: தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரில் அடங்கி ஒடுங்கி நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு, அதே மொழி பேசிக்கொண்டு நேற்று வந்தவர்கள் அதைக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும், அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. மிக நன்றாகப் பேசினேன். அதுதான் வினையாயிற்று.

மூச்சு வாங்க நிறுத்தினேன். கைதட்டல் எழுந்தது. சங்கத் தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக, "சென்னாகி ஹேளித்ரி மேடம், கூத்கொள்ளி" என்றார். நன்றாகச் சொன்னீர்கள், உட்காருங்கள் என்று அர்த்தம். பின்னால் அண்டாவிலிருந்து காராபாத் உப்புமா வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. சபைக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. பூட்டுவதற்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார். "இல்லை, நான் இன்னும்..." என்ற என் குரல் யார் காதிலும் விழவில்லை. வேலியோரம் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் உச்சிக்குப் போனால் வார்த்தை வராது, அழுகைதான் வரும். வந்துவிட்டது.

அப்போது எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். அவர் கேட்டது கையில் வந்து விழுந்துவிட்டது. அவர் பேசாமல் கை தூக்கியிருந்தால் போதும்.

"கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு நேரம் இவர் பேசியது என் கட்சி. இவர் கட்சி இன்னும் வரவில்லை" என்றார் கன்னடத்தில்.

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கை காட்டினார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"சரி. அப்படியானால் இவர் கட்சியை நான் சொல்கிறேன்" என்றார்.

சொன்னார். நம் வீட்டுச் சுவர்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தன என்று நாம் யாரும் அளக்கவில்லை, அந்தச் சுவரை எழுப்பியவர்கள் குடிப்பதை மட்டும் அளக்கிறோம் என்றார். சேறு இருந்தால் நாலு கல் பதிக்கலாம், பூட்டுப் போடத் தேவையில்லை என்றார். இதெல்லாம் நான் சொல்ல நினைத்தவைதான். அடுத்ததை நான் நினைத்திருக்கவே இல்லை. "என் முன்னோரும் ஏதோ ஒரு நாள் இங்கே வந்து இறங்கியவர்கள்தான். முதல் வாய்த் தண்ணீரை யாரோ ஒருவருடைய கிணற்றில்தான் குடித்திருப்பார்கள். அந்தக் கிணற்றுக்காரர் பூட்டவில்லை" என்றார். அந்த நிமிடம் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "இதானே உங்க கட்சி?"

"ஆமாம், இதுதான் என் கட்சி" என்றேன்.

விதிப்படி இனி அவர் மறுக்கலாம். தலைவரும், "சரி சார், இதற்கு உங்கள் பதில்?" என்றார். எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுப்பு என்று வந்துவிட்டால் அரைமணி நேரம் நிற்காத மனிதர்.

"என்கிட்ட இல்லை" என்று தமிழிலேயே, யாரிடம் என்று இல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் மறுபடி கை தூக்கச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத் தூக்கலாம் என்று இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேலியோரம் நின்றவள் எல்லோருக்கும் முன்னால் முடிவைப் புரிந்துகொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.