சக்கரை மூட்டையிலேர்ந்து கரிக் கூடைக்கு

வெள்ளக்காரன் போயி ரெண்டு மூணு வருசம் இருக்கும். ஹார்பர்ல சக்கரை மூட்டை தூக்கிகினு இருந்தேன். வூடு காலடிப்பேட்டைல. அங்கேர்ந்து டோல்கேட் வரிக்கும் நடப்பேன், அப்பால ஏதுனா மாட்டு வண்டி வந்தா பின்னாடி தொத்திக்குவேன். ஒரு வாட்டி வண்டிக்காரன் சாட்டையாலயே போட்டான்... அத்த வுடு.

குதிகால்ல ஆணி குத்தி புண்ணு. ஒரு மாசமாச்சி, ஆறல. ஆஸ்பத்திரில டாக்டரு என் ஒண்ணுக்க கண்ணாடி டூபுல காச்சிப் பாத்தாரு. செங்கல் கலரா வந்துச்சி. "ஒண்ணுக்குல சக்கரை போவுது, இனிப்ப நிறுத்து. இல்லாங்காட்டி கால எடுக்கணும்"னாரு. கால் போனா மூட்டை ஏது, சோறு ஏது?

அன்னிலேர்ந்து டீக்கு சக்கரை இல்ல. முன்னெல்லாம் ஸ்பூனு நட்டா நிக்கும், அம்மாம் சக்கரை போடுவேன். ராவுக்கு கேவுரு களி. வெல்லம், மிட்டாய் பக்கம் திரும்பல. ஆனா தெனம் ஒண்ணுக்குப் போன எடத்துல குந்திகினு பாப்பேன். எறும்பு கூட்டமா வந்துகினே இருக்கும். காலும் வீங்கிகினு போச்சி.

வூட்டுக்காரி வுடல. "யோவ், எங்கய்யா திருட்டுத்தனமா துன்ற?"

"உன்மேல சத்தியமா இல்லடி."

"எறும்பு பொய் சொல்லாது. நீ சொல்லுவ."

ஒரு நாள் மத்தியானம் ஹார்பர் கேட்டாண்ட களி எடுத்தாந்தா. பேசிகினே பொறங்கைய நக்கினேன். தூக்கு அவ கையிலியே நின்னுச்சி.

"இப்ப இன்னாய்யா பண்ண?"

"இன்னா பண்ணேன்?"

"கைய நக்கினியே!"

வேர்வைல சாக்கு நனைஞ்சி, கழுத்து, கையி, மீசையெல்லாம் சக்கரை பிசுக்கு. நாள் முச்சூடும் நக்குவோம். அத்த எவன் துன்றதுன்னு சொல்லுவான்?

மேஸ்திரியாண்ட போயி நின்னேன். "என்ன கரிக் கப்பலுக்கு மாத்துப்பா."

"சக்கரைய வுட்டுட்டு கரிக்கா? இன்னா நைனா, மண்டைல ஏதுனா கீதா?"ன்னு சிரிச்சாரு. மாத்திட்டாரு.

பயக்கம் லேசுல போவுமா? கையி தானா வாயாண்ட போவும். கரி கசக்கும், துப்புவேன். மடியில வறுத்த கடலை கட்டிக்கினேன், நாக்கு நமநமன்னா ரெண்டு வாயில போட்டுக்குவேன். சக்கரை கொறையட்டும்னு வண்டில தொத்தாம, கால் விரல ஊனியாச்சும் மெள்ள நடந்தே போனேன். புண்ணுல கரி பூந்தா இன்னா ஆவும்னு வேற பயம். வூட்டுக்காரி தெனம் வேப்பெண்ண போட்டு துணி சுத்துவா.

எத்தினி மாசமோ, எறும்பு கொறஞ்சிது, புண்ணு காஞ்சிது. ஒரு நாள் தலைல கூடையோட, கப்பல் பலகைல குதிகால அழுத்தி வெச்சேன். வலிக்கல. நம்பிக்கை வரல. பின்னாடி வந்தவன் கத்துனான், "யோவ், நவுருய்யா!" அந்தக் காலயே இன்னொரு வாட்டி அழுத்திப் பாத்துட்டுத்தான் நவுந்தேன்.