கண்மாயில் இறங்கிய மலைக்கிடாய்

இன்று ஊறவைத்த கம்பளியை வாளியிலிருந்து தூக்கினேன். கனம் தாங்காமல் கை இறங்கிவிட்டது. அந்த ஈர மயிர் வாசனை என்னை வண்டியூர்க் கண்மாய்க் கரைக்கே கொண்டுபோய்விட்டது.

சித்தப்பா கோடைமலையிலிருந்து ஓட்டிவந்த கிடாய் எங்கள் பக்கத்துக் குட்டைமயிர் ஆடுகளைப் போன்றதல்ல. கண்ணை மறைக்கும் சுருள் ரோமமும், சின்னக் காதும், முறுக்கிய கொம்பும், பாறையைக் கவ்வும் குளம்புமாக அது நடந்தால் தெருவே பின்னால் வரும், கயிற்றைப் பிடித்த எனக்கோ கால் தரையில் பாவாது. முட்டுச் சண்டைக்கு விடும் கிடாய்களைக் கண்மாயில் நீந்தவிட்டு உடம்பு தேற்றுவது எங்கள் வழக்கம்.

“என்ன மாப்ள, இது கிடாயா, நடக்குற போர்வையா?” என்றார் அன்று தம் கிடாயோடு கரைக்கு வந்த பக்கத்துத் தெரு அண்ணன்.

“பாத்துக்கிட்டே இருங்கண்ணே, ஒங்க கிடாய்க்கு முந்தி அக்கரைக்குப் போயிரும்!”

அவர் சிரித்துக்கொண்டே தம் கிடாயோடு முன்னால் நீந்தினார். எங்கள் கிடாய் முன்னங்கால்களை ஊன்றி நின்றுவிட்டது. பின்னாலிருந்து முழு பலத்தோடு தள்ளினேன். நடுக்கண்மாய் போவதற்குள் ரோமமெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட, கொம்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

ஓடிவந்த சித்தப்பா என்னை அடிக்கவில்லை. “மலையாடு தண்ணியில எறங்காதுடா. ஒன்னய நம்பித்தான் எறங்கிருக்கு” என்று அழுதார்.

அது தானாக இறங்கவில்லை என்று அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.