பருப்பு வேகும் வீடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் திருமயத்தில் நான் வீடு வாங்கிய கதையை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம் அது. பத்திர ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஊரார் பத்திரங்களையெல்லாம் நகல் எடுத்து எடுத்து, வீடு என்றால் வில்லங்கம் இருக்கிறதா, நான்கு எல்லையும் சரியா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வள்ளிக்கண்ணு பார்த்தது வேறு. நாங்கள் அதுவரை குடியிருந்தது ஊருக்கு வெளியே, அரிமளம் சாலையில் ஒரு தனி வீடு. அங்கே ஒரு பகலில் அவளுக்கு நாளாகும் முன்பே வலி கண்டுவிட்டது. கத்திக் கூப்பிட்டிருக்கிறாள், கேட்க ஆள் இல்லை, நானும் வீட்டில் இல்லை. பிள்ளை தங்கவில்லை. மறுபடி உண்டானபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஓடு ஒழுகுனாலும் பரவால்லைங்க. கூப்பிட்டா என்னன்னு கேக்க ஒரு ஆளு வேணும்."

கோட்டைக்குத் தெற்கே ஒரு காலி வீட்டைத் தரகர் காட்டினார். பத்திரம் சுத்தமாக இருந்தது. வள்ளிக்கண்ணு முந்தானையில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு முடிந்து கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கம் பாதிக் கிணறு உப்பு, பருப்பு வேகாத தண்ணீர் உள்ள வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டு அடுப்பிலேயே, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே வேகவைத்துப் பார்த்துவிடுவது வழக்கம். உச்சிப்பொழுது. தரகர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடுப்படிச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், நம்பினால் நம்புங்கள், என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"என்ன தாயி, வெந்துருச்சா?"

"இன்னும் செத்த நேரமாகுங்க. நீங்க பக்கத்து வீடுங்களா?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"இங்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு எத்தனை மாசம்?"

"ஆறு."

"அப்பச் சரி. நேரம் வந்தா ஒரு கொரலு குடு, வாரேன்."

பருப்பு நன்றாக மலர்ந்து வெந்தது. நல்ல பக்கத்து வீடு வாய்த்ததே என்ற சந்தோஷத்தில், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வரலாம் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பின்னால் வீடே இல்லை. ஊருணிதான். ஐப்பசி மழையில் நிரம்பி, அடுப்படிச் சுவரை ஒட்டி இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஒருத்தர் நிற்க இடமில்லை. உள்ளே ஓடிவந்து, வேண்டாம், வேறு வீடு பார்க்கலாம் என்றேன். அவள் நிதானமாகப் பருப்பை மசித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். தண்ணி எறைக்கையிலயே பாத்துட்டேன், அங்கிட்டு ஊருணிதான்."

"தெரிஞ்சுமா பேசிக்கிட்டிருந்த?"

"அது தானா வந்து விசாரிச்சுச்சுல்ல? அந்த வீட்டுல நான் கத்துனப்ப, உசுரோட இருந்தவங்க யாரு வந்தாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. தரகர் வந்ததும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

தை மாதம், நான் ஆபீஸில் இருந்தபோது வலி கண்டுவிட்டது. தகவல் வந்து, விழுந்தடித்து ஓடினால், உள்ளே பிள்ளை அழுகிற சத்தம். மருத்துவச்சி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க வீட்டுப் பொம்பளதான் வந்து கூட்டியாந்துச்சு. முன்னாடி விறுவிறுன்னு நடந்துச்சு, வாசல் வரைக்கும் பாத்தேன்" என்றாள்.

அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் கிடையாது. படுத்தபடியே வள்ளிக்கண்ணு அடுப்படிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குக் கும்பிடவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை.

வீடு வாங்குகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பத்திரம் பாருங்கள், தண்ணீர் பாருங்கள், முக்கியமாக அக்கம்பக்கம் பாருங்கள் என்கிறேன். ஏன் என்று விளக்குவதில்லை.

அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். பிள்ளைக்கு மூன்றாம் மாதம், ஒரு சாயங்காலம், வள்ளிக்கண்ணு அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாத அந்தக் குரல், கோபமே இல்லாமல் கேட்டது.

"பழைய வீட்டுல அன்னைக்கு அவ கத்திக் கூப்பிட்டப்ப நீங்க எங்கிட்டுப் போயிருந்தீங்க?"

அன்று ஆபீஸில் வேலை என்று வள்ளிக்கண்ணுவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் ஒரு சிநேகிதன் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். செம்பை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் குரல் கேட்டதும் இல்லை.

வள்ளிக்கண்ணு அந்தக் கேள்வியை இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. அந்தக் குரல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதா, அதுதான் எனக்குத் தெரியவில்லை.