மடுல்சீமைக்குப் போன நீதிமன்றம்

பதுளை பொலிஸ் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்த நாட்களில், எங்கள் நீதவானின் மேசைமேல் ஒரு தடித்த நூல் எப்போதும் கிடக்கும். அமெரிக்கா புதிதாக நாடான காலத்தில் வாழ்ந்த ஒரு நீதிபதியின் வரலாறு அது. உழவன் மகன், இரவல் புத்தகங்களில் சட்டம் படித்தவர். மாநில உயர் நீதிமன்றத்துக்கு ஏறிய பிறகும், குதிரையில் ஊர் ஊராகப் போய், சத்திரங்களில் அமர்ந்து வழக்குக் கேட்டவர். வேலித் தகராறு என்றால் வேலியையே போய்ப் பார்ப்பாராம். மழை கூரையில் இறங்கும் பிற்பகல்களில் நீதவான் அதை எனக்கு வாசித்துக் காட்டுவார். சாட்சிகள் விறாந்தையில் நனைவார்கள். நான் பாதி அந்தத் தேசத்தில் இருப்பேன்.

அப்படியொரு மழைக்காலத்தில் மடுல்சீமைத் தொழிலாளி ஒருவன் கூண்டில் ஏறினான். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை என்று தோட்டத்துத் துரை வழக்கு வைத்திருந்தார். அந்நாளில் அதற்குச் சிறை உண்டு. அவன் மனைவியோ நிறைமாதம்.

"பெரட்டுக்குத் தப்பு அடிச்சது காதுல விழலீங்க. எங்களுது கடேசி லயம். ஓடை எரையுற எரைச்சல்ல ஒண்ணுமே கேக்காதுங்க. விடிஞ்சு போனா, நேரமாச்சுன்னு கங்காணி வெரட்டிடுறாரு." பெரட்டு என்பது விடியலில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் கூட்டம்; அதற்கு அழைக்கத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள்.

"பொய்யிங்க தொரை! செவிடனுக்கும் கேக்கும்" என்றார் கங்காணி.

நீதவான் அந்த நூலைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"நேரில் போய்க் கேட்டுவிடலாம்" என்றார்.

இரு தரப்புக்கும் முன்னறிவித்தல் தரவேண்டும் என்றேன். தந்தோம். முன்னறிந்த தோட்டம் தப்பை எப்படி அடிக்கும் என்பதுபற்றி விதிகள் மௌனம்.

லுணுகலையைத் தாண்டியதும் பனிமூட்டம். மலை எது, மேகம் எது என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. முன்னால் போன குதிரையின் வால் மட்டும் சில வேளை மிதந்து வந்தது. அதன்மேல் இருப்பவர் எங்கள் நீதவானா, அந்த அமெரிக்கரா என்று என் மட்டக்குதிரையில் ஆடியபடி யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் விடியுமுன் கடைசி லயத்தின், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளின், முன் நின்றோம். ஓடை இரைந்தது. தொழிலாளி தலை குனிந்திருந்தான். அவன் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று தப்பு முழங்கியது. தோல் கிழியட்டும் என்றே அடித்திருக்கிறார்கள். அவன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அடியே, யாரு செத்தது?"

"நேத்து எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?"

"கங்காணியோட ஆத்தாவா இருக்கும்."

"எங்காத்தா கல்லு மாதிரி இருக்கு! வாய மூடுங்கடி!" என்று இருட்டுக்குள்ளிருந்து கங்காணி கத்தினார்.

நீதவான் என்னைப் பார்த்தார். சத்தியப்பிரமாணப்படி ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன், கங்காணியின் தாயார் உட்பட. தினமும் இப்படித்தான் கேட்குமா என்று ஒருத்தியிடம் கேட்கச் சொன்னார்.

"தெனமுமா? அப்பறம் நாங்க எதுக்குங்க சேவல் வளக்குறோம்?"

கவிழ்த்த கொழுந்துக் கூடைமேல் தாளை வைத்து, நீதவான் அவனை விடுதலை செய்தார். நீதிமன்றத்துக்குக் கூரை வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அவன் கைகூப்பினான். "அப்ப இன்னிக்குப் பெரட்டுக்குப் போகணுங்களா, ஐயா?"

"ஓடு" என்றேன்.

அவன் போய்ச் சேருமுன் பெரட்டு கலைந்துவிட்டதாம். தாமதமாக வந்தான் என்று கங்காணி அவனுக்கு அரைப்பேர் போட்டார். அதாவது அரைநாள் கூலி. அதை எதிர்த்து முறையிட எந்த மன்றமும் இல்லை. ஆனாலும் அன்று மாலை அவன் திரும்பிப் போனது சிறைக்கல்ல, தன் லயத்துக்கு.