ரயிலுக்கடை சிவகாமி

கார்டைக் கையில் வாங்கியதும் சிவகாமசுந்தரி அதைப் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவுகிறாள், அவ்வளவுதான். எத்தனை கட்டம் போயிற்று, எத்தனை கட்டம் மிச்சம் என்று அந்த விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. கண் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருக்கும். "என்னா வேணும் சொல்லுங்கலா. நெத்திலி இன்னிக்கி நல்லாருக்கு, நாளைக்கி வந்து என்னைய ஏசாதீங்க."

மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் அவளுடைய மளிகைக்கடைக்கு ரயிலுக்கடை என்று பெயர். பக்கத்தில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. முன்பு மலாக்காவுக்கு ரயில் வந்த காலத்தில் அவளுடைய அப்பா டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனான். தண்டவாளமும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. வீட்டில் மிஞ்சியது டிக்கெட்டில் ஓட்டை போடும் அவருடைய இரும்புக் குறடு ஒன்றுதான். பிறைபோல ஒரு சின்ன ஓட்டை விழும்.

அந்தக் குறட்டை வைத்துத்தான் அவள் கடை நடத்துகிறாள். பிஸ்கட் பெட்டி அட்டையைச் சீட்டளவு வெட்டி, பென்சிலால் கட்டம் போடுவாள். ஒரு கட்டம் பத்துக் காசு. முதலில் காசைக் கட்டிக் கார்டு வாங்க வேண்டும். சாமான் வாங்க வாங்கக் கட்டத்தில் ஓட்டை விழும். காசு இல்லாதவர்கள் வீட்டிலுள்ள பொருள் எதையாவது ஈடு வைத்துக் கட்டம் வாங்கலாம், வட்டி கிடையாது. அந்தப் பொருளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவாள். யாருடைய பொருள் என்று அவளுடைய கணவர் வேலாயுதத்துக்குக்கூடத் தெரியாது. அவருக்குத் தராசு மட்டும்தான் இலாகா.

கடன் மட்டும் கிடையாது. கேட்டால் ஒரே பதில்தான்: "ரயில்ல கடனுக்கு ஏறுவீங்களா?" சுதந்திரம் வந்தால் எல்லாக் கடனும் தள்ளுபடியாமே என்று ஒருவர் வாயைக் கிளறியபோது, "மெர்டேக்கா வந்தாலும் டிக்கெட் வாங்கித்தான் ஏறணும்" என்றாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மாணிக்கவாசகம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, "எனக்குமா கார்டு?" என்று கேட்டார். "கவர்னரு ஏறுனாலும் டிக்கெட் டிக்கெட்டுத்தான், வாத்தியாரே." அவரும் வாங்கிக்கொண்டார்.

அதில்தான் அவளுடைய சூட்சுமம் இருந்தது. ஊர் மதிக்கும் ஆளுக்கும் அதே அட்டை, ஊர் விரட்டும் ஆளுக்கும் அதே அட்டை. வரிசையில் நிற்கிறவர்களில் யார் நாணயஸ்தன், யார் பேர் கெட்டவன் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. "டக்" என்று குறடு கடிக்கும் சத்தம் கேட்காமல் அங்கிருந்து ஒரு காய்ந்த மிளகாய்கூட வெளியே போனதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் போதும், காசு கட்டியவன் என்று அர்த்தம்.

பேர் கெட்டவன் என்றால் என்ன என்பது தம்பிராஜாவுக்குத் தெரியும். ஆற்றுமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சேவல் சண்டையில் பந்தயம் கட்டி, வட்டாரத்துக் கடைகளிலெல்லாம் கடனை வைத்துவிட்டுத் தெரு மாறி நடந்தவன். சேவலை விட்டு இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்! அவன் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் தராசைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். சிவகாமி ஒருத்திதான், "கார்டு இருக்கா?" என்று எல்லோரையும் கேட்பதுபோல அவனையும் கேட்டாள். அன்று வீட்டுக்குப் போய் மனைவி ருக்மணியிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சிவகாமியின் வாய்ச்சொல்லுக்கு ஊரில் விலை உண்டு. ஆள் ஏற்றி மிதிக்கும் மூன்று சக்கரத் திரிஷா வண்டிகள் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, முன்பணம் இல்லாமலே தம்பிராஜாவுக்கு ஒரு வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. ரயிலுக்கடையம்மா, "இந்த ஆளு கார்டு சுத்தம்" என்று சொல்ல வேண்டும். தீபாவளி கழிந்ததும் சொல்கிறேன் என்று அவளும் தலையாட்டியிருந்தாள். மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

தீபாவளி கழிந்தது. அவள் போய்ச் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கப்பலிலிருந்து சரக்கு இறங்கவில்லை, கூலியும் இல்லை. ருக்மணியின் கொலுசு ஏற்கெனவே சிவகாமியிடம் ஈடாக இருந்தது. கார்டில் கட்டமெல்லாம் தீர்ந்து பிறை பிறையாக ஓட்டைகள். வீட்டில் பிள்ளை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. பானையின் அடியில் கிடந்த சோற்றை வழித்துப் பிசைந்து, தம்பிராஜா ஆறு ஓட்டைகளை அடைத்தான். அட்டையின் நிறம் வரக் காப்பிச் சக்கையைத் தேய்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஓட்டையைச் சோற்றால் மறைத்தவன் இவன் ஒருவன்தான்.

காலையில் கடையில் கூட்டம். முறை வந்ததும் கார்டை நீட்டினான். அவள் கண் வழக்கம்போல அடுத்த ஆளிடம் போனது. கட்டைவிரல் பாதியில் நின்றது.

அந்த விரல் நின்று அவன் பார்த்ததே இல்லை. கொலுசு போயிற்று, திரிஷா போயிற்று, காஜா பெராங்கில் மிச்சமிருந்த ஒரே வாசலும் போயிற்று என்றே நினைத்தான். பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சிவகாமி நகத்தால் ஒரு பருக்கையை மெல்லக் கிள்ளி எடுத்தாள். பலகைமேல் கையூன்றிக் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினாள்.

"சோத்த ஓட்டையில வச்சிட்டியே ராஜா, புள்ளைக்கி என்னா குடுத்த?"

"கஞ்சித் தண்ணிதான், அக்கா," என்றான்.

அவள் நிமிர்ந்தாள். "என்னாங்க, ரெண்டு கட்டி எடை அரிசி நிறுத்துப் போடுங்க. பருப்பும் கட்டுங்க." மறுபடி குனிந்து, "மழ விட்டதும் கொண்டாந்து கட்டு" என்றாள்.

வேலாயுதம் பொட்டலத்தைக் கட்டி வைத்தார். கடன் என்ற சொல்லையே உள்ளே விடாத கடை அது. தம்பிராஜாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட அவனுக்கு அப்படி ஆனதில்லை. ஆனாலும் பொட்டலத்தைத் தொடக் கை எழவில்லை. பின்னால் அத்தனை பேரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சிவகாமி அவன் கார்டை இடது உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். வலது கையால் அப்பாவின் குறட்டை எடுத்து, அட்டையே இல்லாத வெறும் காற்றில், கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி அழுத்தினாள். டக். டக். டக்.